வட்டு மாறியதைச் சொல்லாத பெட்டி

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில், எங்களுள் மருந்துக்கடை நடத்துபவருக்கு ஓர் அழைப்பு வந்தது. வீடு மாறுவதற்காகப் பழைய காகிதங்களை ஒழித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், 2005இல் நாங்கள் அச்சிட்ட கூட்ட அழைப்பிதழ் ஒன்றைக் கண்டெடுத்து, அதன் அடியில் இருந்த எண்ணுக்குப் பேசியிருந்தார். கடையின் எண் அது, மாறவே இல்லை. "தம்பி, அவரு உங்க கூட்டத்துல பேசினாரே, அதைப் பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களா? குரல் இருக்கா?" என்பதே கேள்வி. இருக்கிறதம்மா என்று நண்பர் உடனே சொல்லிவிட்டார். அப்படிச் சொல்வதற்குத் தம்மிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்பதை அன்று மாலை எங்களிடம் அவரே ஒப்புக்கொண்டார்.

நாங்கள் மூவர். ஒருவர் தமிழாசிரியர், ஒருவர் மருந்துக்கடைக்காரர், ஒருவர் வங்கி ஊழியர். கும்பகோணத்தில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் மாடியில் 2003 முதல் 2008 வரை மாதம் ஒரு கூட்டம் நடத்தினோம். பதினைந்து பேர் வந்தால் அது பெருங்கூட்டம். பேசியதையெல்லாம் கேசட்டில் பதிந்து, பிறகு கணினியில் ஏற்றி, குறுந்தகடாக எரித்து வைத்தோம். கேசட் வாங்கக் காசு கூடுதலாக வேண்டாம் என்று அதே கேசட்டில் அடுத்த மாதக் கூட்டத்தைப் பதிந்தோம். ஆகவே மிஞ்சியவை குறுந்தகடுகள் மட்டுமே. கணினியில் இருந்த பிரதிகள் 2010இல் வன்தட்டு பழுதானபோது போயின. அப்போது நாங்கள் பெரிதாக வருந்தவில்லை. அதுதான் தகடுகளில் இருக்கிறதே என்றோம்.

அந்த அம்மாளின் கணவரை நாங்கள் ஐயா என்றே அழைத்தோம். ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே அஞ்சல் பிரிவில் 1965இல் சேர்ந்து 2004இல் ஓய்வு பெற்றவர். ஓடும் ரயிலின் அஞ்சல் பெட்டியில், சுவரை நிறைத்த சிறு சிறு மர அறைகளின் முன் இரவெல்லாம் நின்றபடி கடிதங்களைப் பிரித்துப் போட்டவர். பின்கோடு 1972 ஆகஸ்டு 15இல்தான் வந்தது. அதற்கு முன் எந்தக் கிராமம் எந்த அஞ்சலகத்தின் கீழ், எந்த அஞ்சலகம் எந்தத் தடத்தில் என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' 1970இல் நின்றது. அதன் கடைசி ஐந்தாண்டுகள் ஐயாவின் முதல் ஐந்தாண்டுகள். சிற்றிதழ்களை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மேலுறையாகத்தான் முதலில் தெரிந்துகொண்டார். எந்த ஊருக்கு எத்தனை பிரதி போகிறது, யார் முகவரி எந்த மாதத்தோடு நின்றது என்பதையெல்லாம் அறிந்த வாசகர் அவர். 2005 ஜூன் கூட்டத்தில் அவர் பேசியது அதைத்தான். ஐம்பத்திரண்டு நிமிடம். 2013இல் காலமானார். அவருக்கு நாங்கள் கொடுத்த பிரதியை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லையாம். (புத்தகம் வைத்திருக்கும் எவருக்கும் இது புதுச் செய்தி அன்று.)

பரணிலிருந்து இரண்டு காலணிப் பெட்டிகள் இறங்கின. அறுபத்து நான்கு தகடுகள். எங்கள் மூவரிடமும் இருந்த மடிக்கணினிகளில் தகடு போடும் இடமே இல்லை. ஆகவே மருந்துக்கடையின் பின்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கிடந்த, 2004இல் வாங்கிய மேசைக்கணினியை எழுப்பினோம். எழுந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்மேட்டைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது எங்களுள் ஒருவருக்குக் கண் கலங்கிற்று; அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை.

டி.வி.டி. ரைட்டரின் தட்டு வெளியே வர மறுத்தது. தட்டைத் தள்ளும் சிறு ரப்பர் பட்டை நீண்டகால உறக்கத்தில் தளர்ந்து போயிருக்கும். அதன் முகப்பில் ஊசிமுனைத் துளை ஒன்று இதற்காகவே இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நிமிர்த்திய காகிதப் பிடிப்பூசியை உள்ளே செலுத்தினால் தட்டு விடுபடும். விடுபட்டது. மேலாக இருந்த தகடு ஒன்றை வைத்துத் தள்ளினோம். பச்சை விளக்கு மினுக்கியது. உர்ரென்று சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. திரையில் ஒன்றுமில்லை. மை கம்ப்யூட்டரைத் திறந்து தட்டிப் பார்த்தோம். தகட்டைப் போடுங்கள் என்றது. போட்டுவிட்டுத்தானே கேட்கிறோம்? இன்னொன்றைப் போட்டோம். அதே பதில். இரண்டின் முகப்பிலும் கோந்து தடவி ஒட்டிய காகிதச் சீட்டு இருந்ததையும், அதன் ஓரம் உரிந்தபோது வெள்ளிப்பூச்சும் சேர்ந்து உரிந்திருந்ததையும் அப்போது நாங்கள் பொருட்படுத்தவில்லை.

மூன்றாவதாக ஐயாவின் தகட்டை எடுத்தோம். வைத்தோம். விளக்கு மினுக்கியது, சுழன்றது, அடங்கியது. திரை சும்மா இருந்தது. முன்பெல்லாம் தகட்டைப் போட்ட சில நொடிகளில் சிறு பெட்டி ஒன்று தானாகவே விரிந்து, இசைக்கவா, திறந்து காட்டவா என்று கேட்கும். அந்தப் பெட்டி வரவில்லை. தட்டித் திறந்து பார்க்கலாம் என்று வங்கி நண்பர் கையை நீட்டியபோது, "வேண்டாம், நொய்ந்துபோன தகடு, சுழலச் சுழல இருப்பதும் போய்விடும்" என்று ஆசிரியர் தடுத்துவிட்டார். (படிப்பதால் தகடு தேய்வதில்லை. அதைத் தொடுவது ஒளி மட்டுமே. அந்த நேரத்தில் இதைச் சொல்ல எங்களுக்குள் யாருக்கும் வாய் வரவில்லை.) மேலும் பதினான்கு தகடுகளைப் போட்டுப் போட்டு எடுத்தோம். எதற்கும் பெட்டி விரியவில்லை. இடப்பக்கம் பார்க்காதவை, வலப்பக்கம் செத்தவை என்று அடுக்கினோம். இரவு ஒன்பது மணிக்கு வலப்பக்கம் பதினேழு தகடுகள். ஐயாவின் தகட்டை அந்த அடுக்கின் மேலே வைத்துவிட்டுக் கலைந்தோம்.

மறுநாள் மாலையில் நடந்தது தற்செயல்தான். வலப்பக்கத்து அடுக்கிலிருந்து ஒன்றைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் பெட்டிக்காகக் காத்து, வராது என்று தெரிந்து தேநீர் குடிக்கத் திரும்பினோம். தட்டில் தகடு அப்படியே இருந்தது. வங்கி நண்பர் தேநீரை ஆற்றிக்கொண்டே, காரணம் ஏதுமின்றி, டிரைவின் படத்தை இருமுறை தட்டினார். கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. 2004 மார்ச், ஏப்ரல், மே. செத்ததாக நாங்கள் அடுக்கிய தகடு!

அவசர அவசரமாக அதை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டோம். திரையில் அதே மார்ச், ஏப்ரல், மே. எங்களுக்குத் திக்கென்றது. தட்டில் இருப்பது வேறு, திரையில் தெரிவது வேறு. நண்பர் எஃப்5 விசையை அழுத்தினார். ஒரு கணம் தயங்கி, பழைய பட்டியல் மறைந்து புதுப் பட்டியல் வந்தது. அப்போதுதான் விளங்கிற்று: இந்தப் பெட்டிக்குத் தகட்டைப் படிக்கத் தெரிகிறது. தகடு மாறிவிட்டது என்பதைச் சொல்லத்தான் தெரியவில்லை. கேட்டால் பதில் சொல்கிறது. தானாக வாய் திறப்பதில்லை.

இந்த இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பது, இருபது ஆண்டுகள் கணினியோடு புழங்கிய எங்களுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. எனவே அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வாசகர்கள் இடம்தர வேண்டும்.

தட்டு உள்ளே போனதும் டிரைவின் வேலை தொடங்குகிறது. அதற்குக் கணினியின் துணை வேண்டியதில்லை. அடியிலிருந்து ஒரு சிறு வில்லை மேலும் கீழுமாக அசைந்து, தன் ஒளி எங்கே பட்டுத் திரும்புகிறது என்று தேடுகிறது. ஒளி திரும்பினால் தகடு இருக்கிறது. எந்த ஆழத்திலிருந்து திரும்புகிறது என்பதை வைத்துக் குறுந்தகடா டி.வி.டி.யா என்று ஊகிக்கிறது. குறுந்தகட்டின் தரவு 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு அப்பால், டி.வி.டி.யினுடையது அதில் பாதி ஆழத்தில். குறுந்தகட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. பிறகு தகட்டைச் சுழற்றி, மையத்தை ஒட்டிய உள்வட்டத்துக்குப் போகிறது. பொருளடக்கம் அங்கேதான் இருக்கிறது. இசைத்தட்டைப் போல் விளிம்பிலிருந்து உள்ளே வராமல், குறுந்தகடு உள்ளிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுவது. அந்தச் சுருள்கோட்டைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். பொருளடக்கம் படிபட்டால் டிரைவ் ஆயத்தம். படிபடவில்லையானால் அடங்கி, மறுபடி சுழன்று, இன்னொரு முறை முயலும். முதல் இரண்டு தகடுகளுக்கும் கேட்ட உர், உர் என்ற தடுமாற்றம் அதுதான். மற்ற பதினைந்துக்கும் டிரைவ் ஒரே மூச்சில் சுழன்று அமைதியாகியிருந்தது என்பதை இப்போது நினைவுகூர்ந்தோம். காது கேட்டதைக் கண் நம்பவில்லை.

இரண்டாவது வேலை விண்டோசினுடையது. ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை அது டிரைவிடம் தகடு மாறியதா, மாறியதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆம் என்ற பதில் வந்தால்தான் சிறு பெட்டி விரியும், பழைய பட்டியல் அழியும். அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டால் டிரைவ் ஆயத்தமாகக் காத்திருக்கும்; கேட்பாரில்லை. நாமாகப் போய்த் தட்டினால் மட்டும் எழுந்து வரும். முந்தைய நாள் தட்டிப் பார்த்தவை இரண்டே இரண்டு, அந்த இரண்டும் உண்மையிலேயே கெட்டவை. மற்றவற்றைத் தட்டவே இல்லை. பெட்டி விரியாததையே சாவுச் சான்றிதழாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வியை நிறுத்தியது யார்? வங்கி நண்பர் ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டைத் திறந்தார். ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், சிடிராம் என்று படியிறங்கிப் போனால் ஆட்டோரன் என்றொரு பதிவு இருக்கும். அதில் 1 இருந்தால் கேள்வி உண்டு, 0 இருந்தால் இல்லை. எங்கள் பெட்டியில் 0 இருந்தது. எக்ஸ்ப்ளோரருக்கான விதிகளின் கீழ் நோடிரைவ்டைப்ஆட்டோரன் என்ற இன்னொன்று. எக்ஸ்பியில் இயல்பாக 145 இருக்க வேண்டிய அதில் 255 இருந்தது. எந்த வகை டிரைவும் தானாக எதையும் திறக்கக்கூடாது என்பது அதன் பொருள். இரண்டும் தானாக மாறுபவை அல்ல. யாரோ உட்கார்ந்து மாற்றியிருக்க வேண்டும்.

சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, நண்பர் சொன்னார்: "நான்தான்."

2009 அது. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் என்ற கிருமி, பிறகு பென் டிரைவ் வழியாகவும் பரவத் தொடங்கியிருந்த காலம். எங்கள் ஊரில் அதைவிட அதிகம் புழங்கியது, கோப்புறைபோல் வேடமிட்டு வரும் 'நியூ ஃபோல்டர்' வகைக் கிருமிகள். மாதந்தோறும் கூட்டத்தை ஒட்டி நாங்கள் வெளியிட்டுவந்த நான்கு பக்கத் துண்டிதழ், கூட்டங்கள் நின்ற பிறகும் ஓராண்டு வந்துகொண்டிருந்தது. அதன் பக்கங்களைப் பென் டிரைவில் அச்சகத்துக்குக் கொண்டுபோவோம். திரும்பி வரும்போது கிருமியும் கூடவே வரும். செருகியதுமே ஆட்டோரன்.இன்ஃப் என்ற சிறு கோப்பின் சொற்படி எல்லாம் தானாக நடந்துவிடும். சலித்துப்போன நண்பர், பதிவேட்டில் ஆட்டோரன் என்ற பெயர் எங்கெங்கே கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் வாயை அடைத்தார். பென் டிரைவுக்கு 255 மட்டுமே போதும். குறுந்தகட்டுக்கு வைத்த அந்தப் பூஜ்ஜியம் தேவையற்றது. அன்று அவரைப் பாராட்டித் தேநீர் வாங்கிக் கொடுத்தவர்கள் மற்ற இருவர்தான். அதற்குப் பிறகு அந்தக் கணினியில் யாரும் தகடு போடவில்லை. ஆகவே பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் பூஜ்ஜியம் தன் வேலையைச் செய்ய வாய்ப்பே இல்லாமல் காத்திருந்தது.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தானாகத் திறக்கும் வசதி விண்டோஸ் 95 உடன் வந்தது, கணினி அறியாதவர்க்கு உதவுவதற்காக. கேட்காமலே கதவைத் திறக்கும் வேலைக்காரன் கள்வனுக்கும் திறப்பான் என்பது பின்னால்தான் உறைத்தது. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் வெளியிட்ட செய்தி அந்நாளில் பெரிய கொந்தளிப்பை உண்டாக்கிற்று. சோனி பி.எம்.ஜி. விற்ற சில இசைத்தகடுகள், பிரதியெடுப்பதைத் தடுக்கவென்று, கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் மென்பொருளை நிறுவின. அதைக் கண்டுபிடித்து வெறுமனே அழித்தாலோ, குறுந்தகட்டு டிரைவே கணினியின் கண்ணிலிருந்து மறைந்தது! டிரைவுக்கும் விண்டோசுக்கும் நடுவில் அது தன்னைத் தரகராகப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்ததே காரணம். தரகர் போன பிறகும் தரகர் பெயர் ஏட்டில் இருந்தால் சரக்கு நகராது. அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகளை நீக்கினால் டிரைவ் திரும்பும் என்று அக்காலத்தில் கணினி பழுதுபார்ப்போர் எல்லாரும் மந்திரம்போல் சொல்வதற்கு இத்தகைய தரகர்களே காரணம். வட்டு எரிக்கும் மென்பொருள்கள் சிலவும் அதே இடத்தில் பெயர் எழுதுபவை. எங்கள் பெட்டியில் டிரைவ் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அது எங்கள் நோயன்று. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பென் டிரைவுக்கான ஆட்டோரனை இற்றைப்படுத்தல் மூலம் நிறுத்தியபோதும், குறுந்தகட்டுக்கு அதை விட்டுவைத்தது. நண்பர் இரண்டு ஆண்டு முந்திக்கொண்டு, ஒரு படி கூடுதலாகப் போய்விட்டார், அவ்வளவுதான்.

பூஜ்ஜியத்தை ஒன்றாக்கினோம். 255ஐ 145 ஆக்கினோம். கணினியை அணைத்து எழுப்பினோம். முதல் தகட்டைப் போட்டதும், மறந்துபோன உறவினர் திடீரென்று வாசலில் வந்து நிற்பதைப்போல், அந்தச் சிறு பெட்டி விரிந்தது. மூவரும் சிறுபிள்ளைகள்போல் கைதட்டினோம். கடையில் மருந்து வாங்க வந்திருந்த ஒருவர் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வலப்பக்கத்துப் பதினேழில் பதின்மூன்று உயிரோடு இருந்தன. நான்கில் இரண்டு, கோந்துச் சீட்டுக்காரை. ஒன்று பச்சை நிறச் சாயப்படலம் வெளிறி மஞ்சளித்தது. நான்காவது விசித்திரமானது, எரித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதால் முடித்து வைக்கப்படாமலே நின்றுவிட்ட தகடு. உள்ளே தரவு உண்டு, முன்னால் பொருளடக்கம் எழுதப்படவில்லை. எழுதும் டிரைவும் மீட்பு மென்பொருளும் சேர்ந்தால் ஓரளவு எடுக்கலாம் என்பதால் அதைத் தனியே வைத்திருக்கிறோம். மற்றவற்றின் கதையை இங்கே நீட்ட வேண்டியதில்லை.

ஐயாவின் தகடு திறந்தது. டிராக் 1. ஐம்பத்திரண்டு நிமிடம், நான்கு நொடி. ஒலிக்கவிட்டோம். மின்விசிறியின் இரைச்சல், நாற்காலி நகர்வது, பிறகு எங்களுள் ஆசிரியரின் அறிமுகவுரை. (ஆறு நிமிடம். இனி அறிமுகவுரை பற்றி யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை என்று அவர் அப்போதே முடிவெடுத்தார்.) பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஐயா பேசத் தொடங்கினார். அந்தக் குரலை நாங்கள் மறந்திருந்தோம் என்பது, கேட்ட பிறகுதான் தெரிந்தது. மெல்லிய குரல் என்று மூவருமே நினைத்திருந்தோம். மெல்லியது அன்று, ரயில் ஓசையை மீறிப் பேசிப் பழகிய, தட்டையான, உரத்த குரல்.

முப்பத்து மூன்றாம் நிமிடத்தில் சிக்கல் தொடங்கியது. தையல் இயந்திரம் ஓடுவதுபோல் டக்டக்கென்ற ஒலி குரலைக் குத்திக்கொண்டே போயிற்று. சில இடங்களில் குரல் முழுதாகவே அறுந்தது. நாற்பத்து நான்காம் நிமிடத்தில் தானாகவே தெளிந்து, கடைசிவரை பழுதில்லை.

தகட்டை எடுத்து அடியைப் பார்த்தோம், கீறல் இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது தெரிந்தது. பெயரிட்ட பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்த எழுத்துகளின் வழியே விளக்கொளி ஊசி ஊசியாக வந்தது. ஐயாவின் பெயர், தேதி, கும்பகோணம், 612001.

எழுதியது அவர்தான். 2005 ஜூலையில் கடைக்கு வந்தவர், எரித்து வைத்திருந்த தகட்டின்மேல் ஒன்றும் எழுதியிராததைக் கண்டு பதறிப்போனார். "பேர் இல்லாத உருப்படி எப்படிங்க போய்ச் சேரும்?" என்று சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, தகட்டைத் தொடையில் வைத்து, நிதானமாக எழுதினார். பின்கோட்டையும் விடவில்லை. அழகான கையெழுத்து என்று நாங்கள் ரசித்துக்கொண்டு நின்றோம்.

குறுந்தகட்டின் மென்மையான பக்கம் பளபளக்கும் அடிப்பக்கம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அதைத்தான் விரல்படாமல் பிடிக்கிறோம். உண்மை நேர்மாறு. அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் இருக்கிறது. மேல்பக்கத்திலோ வெள்ளிப்படலத்தின்மீது அரக்குப்பூச்சு மட்டும், தலைமுடியைவிட மெல்லியது. கூர்முனைப் பேனா அதைக் குத்தித் தரவின்மீதே எழுதிவிடும். கீறல்களைச் சமாளிக்கத் தகட்டில் பிழைதிருத்தும் ஏற்பாடு உண்டு. தடத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்வரை தரவு அழிந்தாலும் கணக்குப் போட்டு மீட்டுவிடும். மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கோடுகள் தடத்தைக் குறுக்கே வெட்டிச் செல்வதால் அவை பெரும்பாலும் மன்னிக்கப்படும். (தகட்டை வட்டமாகத் துடைக்காமல் உள்ளிருந்து வெளியே துடைக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.) தடத்தோடு கூடவே ஓடும் கோடுகள்தாம் கொல்லும். ஐயா எழுதிய வரியோ தடத்தையொட்டியே ஓடியது. தமிழ் எழுத்துகளின் கிடைக்கோடுகளும் சுழிகளும் வேறு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை ஒளி அவருடைய பெயரின்மீது ஏறி இறங்கியது. நொடிக்கு நான்கைந்து சுற்று. டக்டக்கின் கணக்கு அதுதான்.

அடுத்த இரண்டு வாரம் இதிலேயே போயிற்று. கடையிலிருந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு டிரைவின் வில்லையைத் துடைத்தோம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளை நிறுவினோம். ஒவ்வொரு துணுக்கையும் ஒன்றுக்கு இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் மீண்டும் மீண்டும் படித்துப் பெரும்பான்மை எதுவோ அதை எடுத்துக்கொள்வது அதன் முறை. அந்தப் பதினொரு நிமிடத்துக்கு ஓர் இரவு முழுதும் ஓடியது. பிறகு ஓர் ஒளிப்பட நிலையத்தில் இரவல் வாங்கிய வெளி டிரைவில் படித்தோம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பதுண்டு. இதில் நான்கு நிமிடம் தெளிந்தது. இரண்டையும் ஒட்டுப்போட்டோம். இறுதியில் தேறாமல் போனது மூன்று இடங்களில், மொத்தம் ஏழு நிமிடம்.

அந்த ஏழு நிமிடத்தில் ஐயா என்ன பேசினார்? நாங்கள் மூவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். மழையில் நனைந்து உறை கிழிந்த சிற்றிதழ்க் கட்டு ஒன்றை, தஞ்சாவூருக்குள் ரயில் நுழைவதற்குள் பழைய செய்தித்தாளில் மடித்து, தம் கையால் முகவரி எழுதி அனுப்பியதைச் சொன்னார் என்கிறார் ஆசிரியர். அது டீக்கடையில் வேறொரு நாள் சொன்னது, கூட்டத்தில் சொன்னது முகவரி மாறிக்கொண்டே இருந்த ஒரு வாசகரைப் பற்றி என்கிறார் வங்கி நண்பர்: ஊர் ஊராக மாற்றலாகிப் போன ஓர் ஊழியர், எந்த ஊருக்குப் போனாலும் இரண்டு மாதத்தில் அவர் சந்தா அங்கே வந்து சேர்ந்துவிடும், ஒரு நாள் நின்றுபோயிற்று. மருந்துக்கடை நண்பருக்கு அரக்கு முத்திரை வைப்பதைச் சைகையால் காட்டியது மட்டும் நினைவிருக்கிறது. அது எப்படியும் ஒலியில் பதிந்திருக்காது. வாக்குவாதம் சற்றே சூடானது. தகட்டில் இருந்திருந்தால் இந்த வாக்குவாதத்துக்கு இடமே இல்லை என்று ஒருவர் சொன்னார். மூவருமே சரியாக இருக்கலாம். ஏழு நிமிடம் சின்ன நேரமன்று.

செப்டம்பர் கடைசியில் அம்மாளைப் பார்க்கப் போனோம். மகள் வீட்டுக்கு மாறியிருந்தார். நாங்கள் கொண்டுபோன பென் டிரைவை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பேத்திதான் வாங்கி, மடிக்கணினியில் செருகி, தன் கைபேசிக்கு மாற்றினாள். செருகியதும் திரையில் ஒன்றும் வராததைக் கண்டு நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளோ எதற்கும் காத்திராமல் தானே திறந்துகொண்டாள்.

நடுவில் கொஞ்சம் இரைச்சல் இருக்கும், ஏழு நிமிடம் கிடைக்கவில்லை என்று சொல்லித் தகட்டை அவர் கையில் கொடுத்தோம். காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருந்தோம். சொல்லவில்லை. அவர் தகட்டை வாங்கி, எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பின்கோடு போட்டிருக்காரு பாரு" என்று பேத்தியிடம் காட்டினார்.

ஆசிரியரின் அறிமுகவுரை முழுவதையும் அவர் பொறுமையாகக் கேட்டார். ஆசிரியர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐயா செருமியதும் அம்மாளின் தலை சற்றே நிமிர்ந்தது. இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் கேட்டுவிட்டு, கைபேசியை நிறுத்தச் சொன்னார். மீதியை ராத்திரி தனியாகக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சு டீ குடுத்தீங்களா தம்பி?"

"குடுத்தோம்மா."

"சக்கரை போட்டா? அவருக்கு அப்பவே சுகர் இருநூத்தி எம்பது. வீட்டுக்கு வந்து, டீயே குடிக்கலைன்னு சொன்னாரு."

போடவில்லை அம்மா என்று மருந்துக்கடை நண்பர் உடனே சொன்னார்.